அப்பாவின் இறுதியாட்டச் சந்தேகம்

தொப்! தோல் கையுறைக்குள் பந்து விழும் ஓசை. பஹ்ரைனின் குதைபியாவில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னாலுள்ள காலி இடத்தில் வெள்ளிதோறும் பிலிப்பினோ இளைஞர்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள். அப்பா மறைந்து ஓராண்டாகியும் அந்த ஓசை கேட்டால் சன்னலுக்கு ஓடுகிறேன். அங்கே நின்றுதான் அவர், "அந்த எறியிறவன் மூஞ்சியப் பாரு, சரியில்ல" என்பார்.

ஆறுமுகநேரியில் பிறந்தவர் அப்பா. இளமையிலேயே தந்தையை இழந்து, விளையாட்டுத் திறமையால் பாளையங்கோட்டையில் கல்லூரி இடம் பெற்றார். ஊரே கிரிக்கெட் ஆடிய அந்நாளில், அவருடைய கல்லூரி பேஸ்பாலைப் பிடித்துக்கொண்டது. அப்பா கேட்சர். மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து, தொடைகளுக்கு நடுவே ரகசியமாக விரல் காட்டுவார். ஒரு விரல் வேகப்பந்து. இரண்டு, வளையும் பந்து. அதைப் பார்த்து எறிபவர் அவருடைய அறைத்தோழர், நாங்கள் மாமா என்று அழைப்பவர்.

இறுதியாட்டத்தில், எந்தப் பந்து வருமென்று முன்பே தெரிந்தவர்கள்போல் எதிரணியினர் அடித்து நொறுக்கினார்கள். சைகை தெரிந்தவர்கள் இருவர்தாம். அப்பா சொல்லவில்லை. அப்படியானால்?

அந்தக் கேள்வியை அவர் கேட்கவேயில்லை; கூடவே வைத்துக்கொண்டார். மாமா பஹ்ரைனிலிருந்து விசா அனுப்பினார். "சும்மா அனுப்புவானா? உறுத்துது அவனுக்கு." அம்மாவின் ஆபரேஷனுக்கு மாமா ரத்தம் கொடுத்தார். "பாத்தியா, மறுபடியும்!" ஒவ்வோர் உதவியும் அப்பாவுக்கு ஒரு சாட்சி. கட்டுமான நிறுவனமொன்றில் ஸ்டோர் கீப்பராக உழைத்தவர். ஓர் ஆணியைக்கூட எண்ணிப் பாராமல் நம்பாத நேர்மை. வெள்ளிக்கிழமை மதியம் மாமா சாப்பிட வந்தால், மீனின் நடுத்துண்டை அவருக்கே வைக்கச் சொல்வார். அவர் கைகழுவப் போனதும், "அவன்கிட்ட வாயக் குடுக்காத" என்று அம்மாவிடம் கிசுகிசுப்பார்.

நுரையீரல் கைவிட்ட கடைசி வாரம், மருத்துவமனைக் கட்டிலில், ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக் கேட்டேவிட்டார்.

"ஏல, உள்ளதச் சொல்லு. அன்னைக்குச் சைகையக் காட்டிக் குடுத்தது நீதான?"

மாமா திகைத்தார். பிறகு சிரித்தார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு நீதானல நகத்துல சுண்ணாம்பு தடவிட்டு உக்காந்த? எனக்குப் பின்னால ரெண்டாவது பேஸ்ல நின்ன எதிரணிக்காரனுக்கும் பளிச்சுனு தெரிஞ்சிருக்கு. ஆட்டம் முடிஞ்சதும் அவனே சொல்லிச் சிரிச்சான்."

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"எனக்காகத் தடவினது. உன்னாலதான் தோத்தோம்னு எப்படிச் சொல்ல? நீ என்னயச் சந்தேகப்படுதன்னு கனவா கண்டேன், மூதி?"

அப்பா தம் நகங்களைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். நம்பினாரா, தெரியாது. முகத்தில் பழைய ஐயம் அப்படியே இருந்தது. மாமாவின் மணிக்கட்டை மட்டும் அவர் விடவில்லை.

மறுநாள் விடியுமுன் அப்பா எங்களைப் பிரிந்துவிட்டார்.

கண்விழித்துக் காத்த செவிலியர்கள், ஆவண வேலைகளை முடித்து உடலை ஊருக்கு அனுப்பிய குதைபியா நண்பர்கள், ஆறுமுகநேரியில் தோள்கொடுத்த உறவினர்கள், எல்லோர் முன்னும் எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது. மாமாவுக்குத் தனியே நன்றி சொன்னால், என்ன விஷயம் என்று அவரும் சந்தேகப்படக்கூடும்.

அப்பாவின் கடைசிப் பேச்சு அவரிடம்தான். மருத்துவமனையில் அன்று மாலை, "நாளைக்கு வாரேம்ல" என்று எழுந்தார் மாமா.

அப்பா கேட்டார்: "நெசமா வருவியால, இல்ல இதுவும் கதையா?"