நெஞ்சு நிலத்தில் முட்டாமல்

ரஷ்யாவின் வெளியுறவுக் கொள்கையை ஆராய்வது என் தொழில். கல்லடியில், வீட்டின் முன் அறையில், மகளை மடியில் வைத்துப் பால் கொடுத்தபடியே மனிதர்கள் சாவதைப் பார்க்கிறேன். போர்முனையில் ட்ரோன்கள் எடுத்த காணொளிகள். ஒலியை நிறுத்திவிடுவேன். பலவற்றில் யாரோ துள்ளலான பாட்டொன்றைச் சேர்த்திருப்பார்கள். குழந்தை அதற்குக் கால் ஆட்டுவது எனக்குப் பொறுக்காது.

வல்லரசுகள் எங்கே முட்டிக்கொள்ளும், மொஸ்கோ அடுத்து என்ன செய்யும் என்று கொழும்பிலுள்ள ஓர் ஆய்வு நிலையத்துக்கு மாதாமாதம் அறிக்கை எழுதுகிறேன். அதில் எதையும் அடித்துச் சொல்லக் கூடாது. ‘வாய்ப்புண்டு’, ‘மறுப்பதற்கில்லை’ என்றுதான் எழுத வேண்டும். அந்தப் பழக்கம் வாய்ப்பேச்சிலும் ஏறிவிட்டது.

அக்காவின் கணவர் மேசன் வேலை செய்பவர். குசினியில் சமையல் வேலை என்று ஏஜென்சிக்காரன் சொன்னதை நம்பி ரஷ்யாவுக்குப் போனார். போய் இறங்கிய மறுநாள் ரஷ்ய மொழியில் இருந்த ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பிவிட்டு எனக்கு அழைத்தார்.

“பின்னேரத்துக்குள்ள கையெழுத்து வைக்கட்டாம் புள்ள. என்ன எழுதியிருக்கு?”

தன் விருப்பத்தின் பேரில் படையில் சேரும் தொண்டர் என்று அதில் இருந்தது. அப்படியே சொன்னேன்.

“தொண்டர் எண்டா நம்மட தொண்டர் ஆசிரியர்மார் மாதிரியா? கொஞ்சக் காலம் சம்பளமில்லாம மாரடிச்சா மறுகா நிரந்தரமாக்குவாங்களோ?” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு, “சண்டைக்கு அனுப்புற வாய்ப்ப மறுக்க ஏலாது மச்சான்” என்றேன்.

‘வைக்காதீங்க’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவருடைய பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருந்தது, நான் சொல்லி என்ன ஆகியிருக்கும் என்றும் நினைக்கிறேன். ஆனாலும் நான் சொல்லவில்லை. அவர் கையெழுத்து வைத்தார்.

சில வாரங்கள் கழித்து மறுபடி அழைத்தார். அக்கா என் குசினியில் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“நாளைக்கு முன்னரங்குக்குப் போறம். மாட்டன் எண்ட ஒருத்தனுக்கு துவக்குப் பிடியால வாயில போட்டாங்க. பல்லெல்லாம் நிலத்தில.”

அக்கா இறால் சட்டியைத் தட்டென்று கீழே வைத்தாள். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். உடனே குரலை மாற்றினார்.

“பயப்பிடாத. செல்லடிக்குள்ள பிறந்த ஆக்கள் நாம. நமக்குப் படுக்கத் தெரியாதா?”

எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் படுக்கத் தெரியும். போர்க்காலத்தில், செல் என்ற எறிகணை வந்தால் எப்படிப் படுப்பதென்று பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். குப்புறப் படு, முழங்கைகளை ஊன்று, காதுக்குள் விரலை வை, நெஞ்சை நிலத்தில் முட்ட விடாதே. நிலம் அதிரும்போது நெஞ்சு முட்டியிருந்தால் உள்ளே எல்லாம் கிழிந்துவிடும் என்றார்கள். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது மதிலடியில் ஒரு செல் விழுந்தது. நாங்கள் படுத்தோம். ஒருத்தி மட்டும் நின்றாள். தலை தூக்கிப் பார்த்தபோது அவளுக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. தண்ணீர்ப் போத்தலின் பட்டி தோளில் அப்படியே இருந்தது.

ஆனால் செல்லுக்குக் கண் இல்லை. ட்ரோனுக்கு இருக்கிறது. படுத்தவனுக்கு நேர் மேலே வந்து, நின்று, பார்த்து, குண்டைப் போடும். அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். இருந்தும் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “கவனமா இருங்க மச்சான்” என்று மட்டும் சொன்னேன். அவள் போனபின் வட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பினேன். “படுக்காதீங்க. மரத்துக்குள்ள ஓடுங்க.” ஒரு சரி அடையாளம் விழுந்தது. இரண்டாவது விழவேயில்லை.

பதினோராம் நாள் காலை ஒரு காணொளி வந்தது. அறுவடை முடிந்த வயலில் நான்கு பேர். மூவர் மரங்களை நோக்கி ஓடினார்கள். முதல் வெடியில் ஒருவனின் கால் தனியே பறந்தது. அடுத்ததில் மற்ற இருவரும் துணிமூட்டை போல் கிடந்தார்கள். நான் ஓடச் சொன்னதும் மரங்களுக்குள்தான்.

நான்காமவர் ஓடவில்லை. குப்புறப் படுத்திருந்தார். முழங்கைகள் ஊன்றியிருந்தன. விரல்கள் காதுக்குள். ட்ரோன் சற்றுச் சரிந்தபோது, நெஞ்சுக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு கீற்று நிழல்.

படத்தை நிறுத்தினேன். முகம் தெரியவில்லை. எந்த நாட்டுப் படையிலும் இப்படிப் பழக்கலாம் என்று நினைத்தேன். உயரத்திலிருந்து பார்த்தால் எல்லா உடம்பும் ஒன்றுதான் என்றும் நினைத்தேன்.

குழந்தையைக் குளிக்க வார்க்க வந்த அக்கா என் பின்னால் நின்றிருந்தாள். மூடப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள்.

“நெஞ்சு முட்டல்ல புள்ள. சரியாத்தான் படுத்திருக்கார்.”

“மச்சான்தான் எண்டு சொல்ல ஏலாது அக்கா. வேற ஆளா இருக்கிற வாய்ப்பும்...”

“அத உன்ட அறிக்கையில எழுது. எனக்கு மிச்சத்தப் போடு.”

குழந்தையை வாங்கித் தோளில் போட்டு, அதன் முகத்தைத் தன் கழுத்துக்குள் திருப்பிக்கொண்டாள். நான் போட்டேன்.