மாளிகையின் ஈரக்கறை

கிள்ளானில் கூரை ஒழுக்கைச் சரிசெய்து தருவது தம்புசாமியின் தொழில். ஐம்பத்துநான்கு வயதில் அவர் வாசகர் வட்டத்துக்குப் போனதற்குக் காரணம் இலக்கியம் அல்ல, அங்கிருந்த ஏர்கோன் குளிர்ச்சி. சனிக்கிழமைதோறும் மனைவி புனிதாவைப் பிரிக்பீல்ட்ஸில் வட்டம் கூடும் இடத்தில் கொண்டுவந்து விடுவார். காரில் காத்திருந்தால் வெயில் வறுத்தெடுத்தது. உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த மாதம் அவர்கள் படித்தது ஒரு பழைய ஆங்கில நாவல். பாழடைந்த மாளிகை, பூட்டிய மாடி அறை, அதன் கீழே சீலிங்கில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் பெரிதாகும் ஓர் ஈரக்கறை. கறை எதன் குறியீடு என்று கேட்டார் வட்டத்தை நடத்தும் உமையாள், ஓய்வுபெற்ற விரிவுரையாளர். பரம்பரைப் பாவம் என்றார் ஒருவர். விதவையின் கண்ணீர் என்றார் இன்னொருவர்.

"பூட்டின ரூம்ல ஜன்னல் உடைஞ்சிருக்கும் டீச்சர். மழைத்தண்ணி லா," என்றார் தம்புசாமி.

புனிதா தலையைக் குனிந்துகொண்டார். உமையாள் சிரிக்கவில்லை. உடைந்திருக்கலாம், ஆனால் அந்த வீட்டில் யாரும் ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று யோசியுங்கள் என்றார்.

அந்தக் கேள்வி தம்புசாமியை விடவில்லை. கைப்பேசி அகராதியோடு மூன்று வாரம் உட்கார்ந்து நாவலை முடித்தார். அதன்பிறகு வாடிக்கையாளர் பாடு திண்டாட்டமாயிற்று. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அம்மாவிடம், சுவரில் பூஞ்சை எப்போது வந்தது என்று கேட்டுவிட்டு, அப்போது மனசு எப்படி இருந்தது என்றும் கேட்டார். அந்த அம்மா வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

ஸ்ரீ கெம்பாங்கானில் முகுந்தன் வீட்டுக் கூடத்தின் சீலிங்கில் தாம்பாள அகலத்துக்குக் கறை. நேர் மேலே ஓர் அறை, பூட்டியிருந்தது. அது அண்ணன் குகனுடைய அறை, சாவி அவரிடம், பேச்சுவார்த்தை கிடையாது என்றார் முகுந்தன். வாசலில் நின்ற ரம்புத்தான் மரத்தைத் தம்பி கேட்காமல் வெட்டியதில் தொடங்கிய சண்டை, நான்கு ஆண்டாகிவிட்டது. குகன் குடியிருப்பது அடுத்த தெருவில்.

தம்புசாமிக்கு உடம்பு சிலிர்த்தது. "இது வெறும் தண்ணி இல்ல பாஸ். உங்க ரெண்டு பேரு கோவம்தான் இறங்கி வருது."

"அண்ணே, நீங்க சீலிங் பார்க்க வந்தீங்களா, குறி சொல்ல வந்தீங்களா?"

நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு தம்புசாமியே குகனை அழைத்தார். குறியீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. உங்கள் அறையில் தண்ணீர் நிற்கிறது என்று மட்டும் சொன்னார். பத்து நிமிடத்தில் குகன் சாவியோடு வந்து நின்றார். அறையை ஒட்டிய குளியலறையில் குழாய் சொட்டி, வடிகால் அடைத்து, தண்ணீர் தேங்கியிருந்தது. குழாயை மூடாதது யார் என்று இருவரும் ஒரு மணி நேரம் கத்தினார்கள். பிறகு முகுந்தன் உள்ளே போய் அண்ணனுக்கும் தனக்கும் தேநீர் கலந்து வந்தார். தம்புசாமிக்குத் தர மறந்துவிட்டார்.

குழாயை மாற்றி, சீலிங் காய்ந்ததும் வந்து கறை இருந்த இடத்தில் வெள்ளை பெயின்ட் அடித்தார் தம்புசாமி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பழைய வெள்ளையும் புது வெள்ளையும் ஒட்டவில்லை என்றார் குகன். ஆமாம் என்றார் முகுந்தன். நான்கு ஆண்டுகளில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. தம்புசாமி மறுபேச்சில்லாமல் முழு சீலிங்கையும் திரும்ப அடித்துக்கொடுத்தார்.