டிரைவ்வேயில் விழுந்த உயிர்

கலிஃபோர்னியாவின் டப்ளின் நகருக்குக் குடிவந்த புதிதில், எனக்கு ஆறு வயதிருக்கும்போது, அம்மா என்மீது காரை ஏற்றப் பார்த்தாள். இப்படிச் சொன்னால் அம்மாவுக்கு இன்றும் கோபம் வரும். ஆனால் நடந்தது அதுதான். அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தவள் வண்டியை ரிவர்ஸில் எடுத்தாள். நான் வண்டிக்குப் பின்னால், வாசலில் கார் நிறுத்தும் டிரைவ்வேயில் உட்கார்ந்து, தரையில் சாக்பீஸால் மயில் வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஓடிவந்து என்னைச் சட்டையோடு பிடித்து இழுத்தார். டயர் மயிலின்மேல் ஏறி நின்றது.

ஆன்ட்டி ஹாங்காங்காரர். மூச்சு வாங்கியபடி, தங்கள் கான்டனீஸ் மொழியில் "ஜாப் ஃபான் தியூ மெங்" என்றார். கீழே விழுந்த உயிரைத் திரும்பப் பொறுக்கி எடுத்துவிட்டாய் என்று அர்த்தமாம். எங்கே விழுந்தது என்று நான் தரையில் தேடினேன்.

அன்று சாயங்காலம் அம்மா எனக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஸ்மோக் அலாரம் அலறியது. அப்பா நாற்காலிமேல் ஏறித் துண்டால் விசிறினார். திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, மூன்று பேரும் நன்றாக இருமினோம்.

அதற்குப் பிறகு அம்மா கார் சாவியைத் தொடவில்லை. பெரும்பாடுபட்டுக் கிடைத்திருந்த வேலையையும் வேண்டாமென்று எழுதிவிடப் போகிறேன் என்றாள்.

"குழந்தைக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, விடேன்" என்றார் அப்பா.

"உங்களுக்குப் புரியாது. கண்ண மூடினா அந்த டயர்தான் தெரியுது."

விஷயம் ஆன்ட்டி காதுக்குப் போயிற்று. மிரண்டுபோனவரின் உயிர் மிரண்ட இடத்திலேயே நின்றுவிடும், அவர் உடுத்திய துணியைக் காட்டிப் பெயர் சொல்லி வீட்டுக்கு அழைக்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நான் உள்ளே ஓடி என் பட்டாம்பூச்சிச் சட்டையை எடுத்துவந்தேன். ஆன்ட்டி அதை வாங்கவில்லை. அம்மாவின் துப்பட்டாவைக் கேட்டு வாங்கினார்.

டிரைவ்வேயில் நின்று அதை ஆட்டி, அம்மாவின் பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார். அப்பாகூட அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. தெருவில் யாராவது பார்க்கப்போகிறார்கள் என்று முதலில் கூச்சப்பட்ட அம்மா, திடீரென்று விம்மி அழுதாள்.

"வந்துட்டேன்" என்றாள், தமிழில்.

அடுத்த வாரமே அம்மா தானே கார் ஓட்டி வேலைக்குப் போனாள். எனக்கோ ஆன்ட்டிமேல் ஆறாத கோபம். டயருக்குப் பின்னால் இருந்தது நான், அழைப்பு மட்டும் அம்மாவுக்கா? அன்று செத்துப் பிழைத்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.