மங்களம் பாடிவிட்டார்கள்

மங்களம் பாடத் தொடங்கியபோது எல்லம்மாவுக்கு முதலில் புரியவில்லை. நாடகத்தில் ராணி இன்னும் காட்டில்தான் இருக்கிறாள். தர்பார் திரை இறங்கவே இல்லை. அதற்குள் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் வரிசையாக நின்று கைகூப்பிப் பாடுகிறார்கள். தரையில் உட்கார்ந்திருந்த ஜனம் துணியை உதறிக்கொண்டு எழுந்தது. கொட்டகைக் கீற்று இடுக்குகளில் வெளிச்சம் வந்துவிட்டது.

கடைசிக் கட்டம் எங்கே என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். அவள் கொட்டாவி விட்டபடி, அதுதான் முடிந்துவிட்டதே, எழுந்திரு என்றாள்.

எல்லம்மா எழுந்திருக்கவில்லை. நெஞ்சில் ஏதோ கொதித்து மேலே வந்தது.

அவள் ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் வேலை செய்பவள். சுண்ணாம்புக் குழியில் ஊறிய ஆட்டுத்தோலைக் கல்லின்மேல் விரித்து ரோமம் பிடுங்க வேண்டும். சுண்ணாம்பு அரித்த விரல்களால் சோற்றில் ரசம் பிசைந்தால் எரியும். அதற்கெல்லாம் அவள் கோபப்பட்டதில்லை. அவள் கோபம் முழுவதும் பேரணாம்பட்டில் இருந்தது. அங்கேதான் அவளைக் கன்னியப்பனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாமியாரின் கம்மல் ஒருநாள் காணாமல் போயிற்று. கன்னியப்பன் அவளை வீட்டுக்குள் வைத்துக் கேட்கவில்லை. தெருவில் நிறுத்தினான். அக்கம்பக்கமெல்லாம் பார்க்க, முந்தானையை உதறிக் காட்டச் சொன்னான். உதறிக் காட்டினாள். பிறகு அப்படியே நடந்து ஆம்பூருக்கு, அண்ணன் காசிநாதன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஓர் அறுப்புக்காலம் போனபின் கம்மல் தவிட்டுப் பானையின் அடியில் கிடைத்தது. கன்னியப்பன் ஆள்மேல் ஆள் அனுப்பினான். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: ஆனது ஆச்சு, கிளம்பி வா. கம்மலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த நாடகத்தை அவள் சிறுமியாக இருந்தபோது பாதி பார்த்திருந்தாள். முத்துமாலையைத் திருடினாள் என்று ராஜா ராணியைக் காட்டுக்குத் துரத்துகிறான். மாலை கிளிக்கூண்டில் கிடைக்கிறது. தர்பாருக்கு அவளை அழைத்து வரச் சொல்கிறான். அந்த இடத்தில் அன்றைக்கு மழை கொட்டி, கூரை சரிந்து, ஜனம் சிதறி ஓடியது. அதை அவள் மறந்தே போயிருந்தாள். பேரணாம்பட்டுத் தெருவில் முந்தானையை உதறிய நாளிலிருந்துதான் அது திரும்ப வந்தது. ரோமம் பிடுங்கும்போதெல்லாம் யோசித்தாள். தர்பாரில் நுழைந்த ராணி என்ன பேசியிருப்பாள்? எப்படித் தொடங்கியிருப்பாள்? தனக்கு வாயில் வராதது அவளுக்கு வந்திருக்கும் என்று நம்பினாள்.

ஆகவே அதே நாடகம் வருகிறது என்று தமுக்கு அடித்துக்கொண்டு வண்டி போனபோது அவள் கையிலிருந்த தோலைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். வெள்ளிக்கிழமை கிடங்குகளுக்கு விடுமுறை. அதனால் வியாழக்கிழமை ராத்திரி ஆட்டம். கன்னியப்பன் வீட்டாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று அண்ணன் நச்சரித்ததும், வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொல், நாடகம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். தெருவே சிரித்தது. வாழ்வதற்கு நாடகக்காரனிடமா உத்தரவு வாங்குவாள் என்று பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. நந்தவனப் பாட்டு முடிந்ததும் முன்வரிசை நாற்காலிகளிலிருந்து ‘ஒன்ஸ்மோர்’ என்று ஒரு குரல் வந்தது. ராணி மறுபடி பாடினாள். அந்த வார்த்தை தரைக்கும் பரவியது. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர்களும் கத்தினார்கள். கத்தினால் பாட்டு திரும்பி வருகிறது, அது போதாதா? பபூன் கிடங்கு மேஸ்திரியைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு கட்டிவிட்டான். அதைக் கேட்டுக் கேட்டு ஜனத்துக்கு அலுக்கவே இல்லை. நடுவில் தோல் வியாபாரி ஒருவர் மேடையேறி ராஜபார்ட்டுக்கு மெடல் குத்தி, தன் அப்பாவின் பெருமையைச் சொல்லிவிட்டு இறங்கினார். ராணி காட்டுக்குப் போவதற்குள் சேவல் கூவிவிட்டது.

இப்போது கொட்டகை வாசலில் காசிநாதன் சந்தோஷமாக நின்றிருந்தான். கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டிப்போயிருந்தது.

“இன்னாமா கலக்கிட்டான் அந்த பபூனு. நம்ம மேஸ்திரி மூஞ்சியப் பாத்தியா?”

“நீங்க கத்தினதுலதான் ராணி காட்டுலயே கெடக்கறா,” என்றாள் எல்லம்மா. “ஒருத்தனுக்காவது அவ ஞாபகம் இருந்திச்சா?”

“நீ கூடத்தான் கத்தின. அந்த அழுகைப் பாட்டுக்கு. நான் கேட்டேன்.”

அது நிஜம். அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. அண்ணனை அங்கேயே விட்டுவிட்டு, நாடகக்காரர்கள் தங்கியிருந்த சத்திரத்துக்கு நடந்தாள்.

ராணி வேஷம் கட்டிய ஸ்திரீபார்ட் சாரங்கபாணி கிணற்றடியில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கழற்றிய கொண்டை பக்கத்தில் கிடந்தது. அரை முகம் ராணியாகவும் அரை முகம் சவரம் செய்யாத நடுவயசுக்காரராகவும் இருந்தது. ஏதோ பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து, உட்காரும்மா என்றார்.

அவள் உட்காரவில்லை. கடைசிக் கட்டத்தை ஏன் ஆடவில்லை என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். விடிந்தபின் யாருக்காக ஆடுவது, அதை ஆடியே பல வருஷமாகிறது, எந்த ஊரிலும் அதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது என்றார். ஜனம் கேட்பதைத் திருப்பிப் பாடினால்தான் அடுத்த ஊரில் கூப்பிடுவார்களாம்.

“சரி, இப்ப சொல்லு. தர்பாருக்கு வந்து ராணி இன்னா பேசறா?”

சாரங்கபாணி துணியைக் கையில் வைத்தபடி யோசித்தார். உதடு அசைந்தது. விரலால் தாளம் தட்டிப் பார்த்தார்.

“அங்க ராணிக்கு வசனமே இல்லம்மா,” என்றார் கடைசியில். “எல்லாம் ராஜாவுக்குத்தான். பெரிய விருத்தம் ஒண்ணு பாடுவாரு. நான் தலைகுனிஞ்சி நிப்பேன். அவரு கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போய் சிம்மாசனத்துல உக்கார வெப்பாரு. அவ்ளோதான். அப்புறம் மங்களம்.”

“ஒரு வார்த்த கூடவா இல்ல?”

“பிராணநாதான்னு ஒரு தரம் சொல்லுவேன்.”

எல்லம்மா அவருடைய அரை முகத்தையே பார்த்தாள். “ராத்திரி பூரா அத்தினி பாட்டு பாடினவ, அங்க மட்டும் வாயில இன்னா வெச்சிக்கினு இருந்தா?”

அவர் மறுபடி துணியை எண்ணெயில் தோய்த்தார். நான் எழுதவில்லையம்மா என்று முனகினார்.

எல்லம்மா வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். இத்தனை நாள் ஒரு ஊமையையா நம்பிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள். கொட்டகை நாற்காலிகள்மேல் கோபம், வாத்தியக்காரர்கள்மேல் கோபம், அதை எழுதிய முகம் தெரியாதவன்மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலே தன்மேல்.

வீட்டு வாசலில் கன்னியப்பனும் அவன் சித்தப்பா வேலப்பனும் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். தெரு ஜனம் தூக்கக் கண்ணோடு, ஆனால் ஒருவர் விடாமல், சுற்றி நின்றது. வேலப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆனது ஆச்சு என்று தொடங்கினார். கன்னியப்பன் வெற்றிலை மென்றபடி, “இன்னா, நாடகம் முடிஞ்சிதா?” என்றான்.

“முடியல,” என்றாள். “கம்மல நான் எடுத்தேனா?”

அவன் சித்தப்பாவைப் பார்த்தான். அதெல்லாம் எதற்கு இப்போது என்றான்.

“எடுத்தேனா?”

“எடுக்கல,” என்றான் தரையைப் பார்த்து.

“ஒன்ஸ்மோர்,” என்றாள் எல்லம்மா.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காசிநாதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். கன்னியப்பனுக்கு முகம் கறுத்தது. எடுக்கவில்லை என்றுதான் சொன்னேனே என்று முணுமுணுத்தான்.

“பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல. ஒன்ஸ்மோர்.”

அவன் எழுந்து நின்றான். “நீ எடுக்கல, எடுக்கல, எடுக்கல. போதுமா? ஊரே கேட்டுச்சா?” என்று தெருமுனை வரை கேட்கக் கத்தினான்.

இதைக் கேட்டால் நெஞ்சு ஆறிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆறவில்லை. கொதிப்பு அங்கேயேதான் இருந்தது. ஏனென்று அவளுக்குச் சட்டென்று தெரிந்தது. இது ஆம்பூர். இங்கே யாரும் அவளைத் திருடி என்று சொன்னதில்லை.

“இதையே பேரணாம்பட்டுல, என்னய நிக்க வெச்ச எடத்துல நின்னு சொல்லு. உங்கம்மாவும் பக்கத்துல நிக்கணும். நீ சொன்னேன்னு வேலப்ப மாமா வந்து சொல்லட்டும். அப்புறம் வர்றேன்.”

கன்னியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு விடுவிடென்று நடந்துவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. ஜனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அவன் சொல்வானா, மாட்டானா என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

வேலப்பன் மட்டும் போகாமல் நின்றார். தட்டை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, “ஆமா, அந்த நாடகத்துல கடைசில அந்தப் பொண்ணு இன்னாதான் சொல்லுவா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் சொல்ல மாட்டாளாம், மாமா. தலைகுனிஞ்சி நிப்பாளாம்.”

அவர் வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். தெருவில் தூரத்தில் போகும் கன்னியப்பனைப் பார்த்தார்.

“அது நல்லா இல்லியே,” என்று சொல்லிவிட்டு, அவன் பின்னால் வேகமாக நடந்தார்.