வால் முளைக்காத கல்

"இந்தக் கழுதைக்கு ஒரு வால் முளைக்க மாட்டேங்குதே!"

வானாய்வு நிலையத்தின் படப்பிரிவில் நாற்காலியை இழுத்துப் போட்டதும் பெரியவர் ஓதும் காலை மந்திரம் இது. எதிர் மேசைப் பெண் அவரைப் போலவே மூக்கை உறிஞ்சி, அவர் குரலிலேயே அவரை முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். அவரும் முறைப்பதோடு சரி.

கழுதை என்பது ஒரு விண்கல். சூரியனைச் சுற்றிவிட்டுப் பூமிக்குப் பக்கத்திலும் வந்து போகும். அதன் பாதையில் சிதறிக் கிடக்கும் தூசிதான் வருஷந்தோறும் எரிநட்சத்திரங்களாகக் கொட்டுகிறது. அப்படியானால் அது ஒரு காலத்தில் வால்நட்சத்திரமாக இருந்திருக்க வேண்டும். பனியெல்லாம் ஆவியாகிக் கல் மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும். கொஞ்சம் பனி மிச்சமிருந்தாலும் சூரியனை நெருங்கும்போது வால் தெரியும். பெரியவர் அதற்காகத்தான் பல வருஷமாகக் காத்திருந்தார். இந்த முறையும் தெரியாவிட்டால் தொலைநோக்கியை வேறு வேலைக்குத் திருப்பிவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

பெரியவரின் மனைவி இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் அழவில்லை. சாப்பிட்டார், சட்டைக்கு இஸ்திரி போட்டார், வேலைக்கு வந்தார்.

அன்று காலை, ராத்திரி எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தவர், "முளைச்சிருச்சு" என்றார், பஸ் வந்துவிட்டது என்கிற மாதிரி. அறையே ஓடி வந்தது. மேலாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். எதிர் மேசைப் பெண் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மாமா... நட்சத்திரத்தை வச்சு அடுக்கியிருக்கீங்க."

நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், நகர்கிற கல் கோடாக இழுபடும். வால் மாதிரியே இருக்கும். கல்லை வைத்துத்தான் அடுக்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவரே மிரட்டிச் சொல்லித்தருகிற முதல் பாடம். அவள் மாற்றி அடுக்கினாள். வெறும் புள்ளி.

"ஓ" என்றார் பெரியவர்.

"சரி, விடுங்க சார். செத்துப்போனதைப் பார்த்துக்கிட்டே இருந்து என்ன ஆகப்போகுது?" என்று மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சாயங்காலம் வீட்டில் மகள்தான் கொந்தளித்தாள். "இத்தனை வருஷம் பார்த்ததை நிறுத்திட்டாங்க! இதுக்காவது கண்ணு கலங்குதா பாரு. அம்மா போனப்பவும் இப்படித்தான். என்னப்பா இது, கல்லு மாதிரி!"

அவர் செருப்பைக் கழற்றி, இன்னும் யாரும் எடுத்து வைக்காத மனைவியின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கல்லுதான்டி. இருந்த ஈரமெல்லாம் உங்கம்மா படுத்துக் கிடந்தப்பவே ஆவியாப் போச்சு. வால் முளைக்கலைன்னு அந்தக் கழுதை சுத்துறதை நிறுத்திருச்சா? நானும் நாளைக்கு எந்திரிச்சு வேலைக்குப் போவேன். சோத்தைப் போடு."