கடற்பசு வந்தபோது நான் படகில் இருந்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன், என் ஐம்பத்து நான்காவது வயதில், மயிலாப்பூரில் வீட்டுக்குப் பக்கத்து நீச்சல் குளத்தில் பெண்களுக்கான காலை வகுப்பில் சேர்ந்தேன். வீட்டில் வாக்கிங் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். உண்மையைச் சொன்னால் கணவர் ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பார். ஈரத் தலையோடுதான் தினமும் திரும்புவேன். எட்டு மாதத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் அமெரிக்காவில் இருக்கும் மகள் அனுப்பிய ஒரு வீடியோ. குளிர்காலத்தில் ஃப்ளோரிடாவில் கடற்பசுக்கள் வெதுவெதுப்பான ஊற்றைத் தேடி ஆற்றுக்குள் வருமாம். வழிகாட்டியோடு போனால் அவற்றின் பக்கத்திலேயே நீந்தலாமாம். யானைக்குட்டி மாதிரி உடம்பு, சாதுவான முகம், எதற்கும் அவசரமில்லை. நீங்கள் வரும்போது எல்லோரும் போகலாம் என்றாள். 'எல்லோரும்' என்பதில் நானும் உண்டு என்று நம்பிவிட்டேன்.

எங்கள் பயிற்சியாளர் பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். முதல் வாரம் குளத்தோரக் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "இன்னா மேடம், கம்பிய புடிச்சிக்கினு நிக்கவா வந்தீங்க? வுடுங்க, நான் கீறேன்ல" என்றார். அமெரிக்காவுக்குக் கிளம்பும் சமயத்தில் குளத்தை நிற்காமல் நான்கு முறை கடந்துகொண்டிருந்தேன். கடற்பசு விஷயத்தை அவரிடம் மட்டும்தான் சொன்னேன்.

ஃப்ளோரிடா போய்ப் படகில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. தண்ணீரில் இறங்க மூன்று பேர், படகில் உட்கார ஒருவர் என்று மகள் பதிவு செய்திருந்தாள். "அம்மா, உனக்குக் குளிரும். நீ மேல இருந்து போட்டோ எடு" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் வலிக்கிறது.

எனக்கு நீச்சல் தெரியும் என்றேன். மாப்பிள்ளையும் மகளும் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். கணவர் சிரிக்கவில்லை. "சும்மா இரு. இந்த வயசுல மாப்பிள்ளை முன்னாடி அந்த ரப்பர் டிரஸ்ஸை மாட்டிக்கிட்டு நிக்கப் போறியா?" என்றார்.

வழிகாட்டிப் பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை, என் முகம் புரிந்தது. பெட்டியிலிருந்து என் அளவுக்கு ஒரு ரப்பர் நீச்சல் உடையை எடுத்து நீட்டினாள். கையை நீட்டினால் போதும். நான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் தலையை ஆட்டி, "நோ, தேங்க்ஸ்" என்றேன். என்னை யாரும் கட்டிப்போடவில்லை, நானேதான் சொன்னேன்.

என் கணவருக்கு நீச்சலே தெரியாது. தண்ணீரில் இறங்கி, மிதக்க உதவும் நுரைக் குழாய் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. குட்டியோடு ஒரு கடற்பசு படகின் அடியிலிருந்து மேலே வந்தது, புஸ்ஸென்று மூச்சு விட்டது, அவர்கள் பக்கம் போய்விட்டது. நான் படம் எடுத்தேன். எல்லாமே நன்றாக வந்திருந்தன.

ஊர் திரும்பிக் குளத்துக்குப் போனதும் பயிற்சியாளர் ஓடி வந்தார். "இன்னா மேடம், கிட்ட வந்துச்சா?" அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கண்ணுக்கு நேரே வந்து பார்த்தது என்று மகள் சொன்னதையெல்லாம் எனக்கு நடந்ததாகச் சொன்னேன்.

போன மாதம் என் வயதில் ஒரு பெண்மணி புதிதாகச் சேர்ந்தார். படியைவிட்டு இறங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயிற்சியாளர் என்னைக் காட்டி, "இவங்களப் பாருங்க, உங்க வயசுதான். அமெரிக்கா போயி யானை மாதிரி மிருகத்தோட நீஞ்சிட்டு வந்துகீறாங்க" என்றார். அந்தப் பெண்மணி என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்துத் தண்ணீருக்குள் வந்தார்.

அவருக்கு அந்தத் தைரியம் என் பொய்யிலிருந்து கிடைத்தது. எனக்கு அது ஒரே ஒரு நிமிடம் தேவைப்பட்டபோது எங்கிருந்தும் வரவில்லை என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.