பெண்கள் வாட்டுக்குப் போன தொலைக்காட்சி வண்டில்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகில் ஒரு இரும்புப் பட்டறையில் பத்து வருடம் வேலை செய்தேன். கப்பல் கதவின் கீல், கிறேன் கொக்கி, பாரம் இழுக்கும் சங்கிலி என்று என் கைக்கு வந்தவை எல்லாம் டன் கணக்கில் தாங்க வேண்டியவை. அதனால், பட்டறைக்கு எதிரே இருந்த சிறிய மிஷன் ஆஸ்பத்திரிக்கு யாரோ தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்து, அதை வாட்டுக்கு வாட்டு தள்ளிக்கொண்டு போக ஒரு வண்டில் வேண்டும் என்று தலைமைத் தாதியான மேற்றன் வந்து கேட்டபோது, எனக்கு அது விளையாட்டு வேலையாகவே பட்டது.

நாட்டுக்கே தொலைக்காட்சி புதிதாக வந்திருந்த காலம். எங்கள் தெருவில் ஒருவரிடமும் இல்லை. மரக்கூட்டுக்குள் இருந்த அந்தப் பெட்டியைத் தூக்க இரண்டு ஆண்கள் வேண்டும். கட்டிலில் படுத்திருப்பவர்களுக்கும் படம் தெரிய வேண்டும் என்று வண்டிலின் மேல்தட்டை என் நெஞ்சு உயரத்துக்கு வைத்தேன். கோண இரும்பில் நான்கு கால்கள். முன்னால் எந்தப் பக்கமும் திரும்பும் சக்கரச் சில்லுகள் இரண்டு, பின்னால் திரும்பாத சில்லுகள் இரண்டு. பூச்சுக் காய்ந்ததும் மேற்றனுக்கு முன்னால் தட்டில் ஏறி நின்று குதித்துக் காட்டினேன். யானையையே ஏற்றலாம் என்று சொன்னதாகவும் நினைவு.

முதல் கிழமை பெட்டி ஆண்கள் வாட்டில் நின்றது. இரண்டாம் கிழமை பெண்களின் முறை. இரண்டு வாட்டுகளுக்கும் இடையில் தரையில் ஓடு பதித்த நீண்ட விறாந்தை ஒன்று, கடல் பக்கமாகச் சரிந்து இறங்கும்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் ஒரு தாதி பட்டறைக்குள் ஓடி வந்தார்.

"அண்ணை, கெதியா வாங்கோ! உங்கட வண்டில் சரியுது. அக்கா பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. கனநேரம் அவவுக்கு ஏலாது!"

நானும் கூட வேலை செய்த இருவரும் வீதியைக் கடந்து ஓடினோம்.

விறாந்தையின் நடுவில், சரிவு தொடங்கும் இடத்தில், முன்சில்லு ஒன்று கழன்று சுவரோரம் கிடந்தது. வண்டில் அந்த மூலையால் சாய்ந்திருந்தது. சாய்ந்த மூலைக்குக் கீழே ஒரு பெண் தோளைக் கொடுத்து நின்றார். ஒரு கால் தூணின் அடியில் ஊன்றியிருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். நோயாளர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி, கட்டில் மாற்றும் அற்றெண்டன் அவர்; ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அக்கா. குச்சவெளிப் பக்கத்தவர் என்பதைத் தவிர அதுவரை அவரைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இன்னொரு சின்ன அற்றெண்டன் பெட்டி வழுகாதபடி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பெண்கள் வாட்டின் வாசலில் நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் வந்து கூடியிருந்தார்கள்.

நான் அக்காவின் பக்கம் பாய்ந்தேன்.

"தம்பி, என்னை விடுங்கோ. முதல் பெட்டியை இறக்குங்கோ."

குரல் நடுங்கவேயில்லை. நாங்கள் பெட்டியைத் தூக்கி நிலத்தில் வைத்து, பிறகு வண்டிலை நிமிர்த்தும்வரை அவர் ஒரு அங்குலம் அசையவில்லை. நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். கோண இரும்பின் விளிம்பு சட்டையைக் கிழித்துத் தோளுக்குள் இறங்கியிருந்தது. இரத்தம் முழங்கைவரை வழிந்திருந்தது. நாள் முழுக்க இரும்பு தூக்குகிறவன் நான். அந்தப் பாரத்தை அந்தச் சரிவில் ஒரு தோளில் அத்தனை நேரம் என்னால் தாங்கியிருக்க முடியாது.

"ஏன் அக்கா விடேல்ல? விழுந்தா விழட்டும் எண்டு விலகியிருக்கலாமே."

மருந்து கட்ட இருந்த இடத்திலிருந்து அவர் பெண்கள் வாட்டைப் பார்த்தார்.

"ஆம்பிளையள் ஒரு கிழமை பாத்திட்டினம். இண்டைக்குத்தான் இதுகளின்ர முறை. காலமையிலிருந்து தலை இழுத்து, பவுடர் பூசிக்கொண்டு இருக்குதுகள். உடைஞ்சிருந்தா இனி ஆர் தரப்போயினம்?"

கழன்ற சில்லை எடுத்துப் பார்த்தேன். வண்டிலோடு அதைப் பூட்டியிருந்த போல்ட் இரண்டு துண்டாகியிருந்தது. அவசரத்தில் முழுநீளத்துக்கும் மரை வெட்டிய போல்ட் ஒன்றைப் போட்டிருந்தேன். பாரம் வந்து வளைக்கும் இடத்தில் மரை இருந்தால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். பட்டறையில் வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் நானே ஏசியிருப்பேன்.

"பிழை என்னில அக்கா," என்றேன்.

"பிழை எண்டா திருத்துங்கோ," என்றார்.

அன்று மாலையே முன்சில்லுகளுக்கு நல்ல உருக்கில் இரண்டு போல்ட் கடைந்தேன். உடம்பு மழமழப்பாக, நுனியில் மட்டும் மரை. மறுநாள் வண்டிலைக் கொண்டுபோனபோது அக்கா தோளில் கட்டோடு வேலையில் நின்றார்.

"பெட்டியை ஏத்திப்போட்டு நீங்களே ஒருக்கா தள்ளிப் பாருங்கோ தம்பி."

அதுவரை நான் அதைப் பெட்டியோடு தள்ளியதே இல்லை. சரிவில் இறங்கத் தொடங்கியதும் வண்டில் என்னை இழுத்தது. மேலே பாரம், கீழே வெறுமை. ஒவ்வொரு ஓட்டு மூட்டிலும் தலையை ஆட்டியது. கைப்பிடி எனக்கு வசதியாக இருந்தது, ஏனென்றால் என் உயரத்துக்குத்தான் வைத்திருந்தேன். அக்கா என்னைவிட ஒரு சாண் குறைவு. தோளுக்கு நேரே கையைத் தூக்கிக்கொண்டுதான் அவர் ஒரு கிழமை தள்ளியிருக்கிறார்.

"வாட்டுக்குள்ளயும் நிலம் சரிவுதான். படம் ஓடேக்க வண்டிலும் ஓடப் பாக்கும். அதுக்குத்தான் சில்லுக்குக் காலை முட்டுக் குடுத்துக்கொண்டு பின்னால நிக்கிறனான்."

"அப்ப நீங்கள் படம் பாக்கிறேல்லையோ?"

"பின்பக்கத்தில என்ன தெரியும் தம்பி? காத்துப் போற ஓட்டையள்தான்."

ஒரு கிழமை முழுவதும் மாலை தவறாமல் அந்தப் பெட்டிக்கு அருகில் நின்றவர் ஒரு படத்தையும் காணவில்லை.

வண்டிலைத் திரும்பப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கைப்பிடியை வெட்டி, அக்கா வந்து நின்று காட்டிய உயரத்தில் உருக்கி ஒட்டினேன். பழைய கப்பல் தகடு ஒன்றைக் கீழ்த்தட்டில் பூட்டிப் பாரத்தைக் கீழே இறக்கினேன். பெட்டியைச் சுற்றித் தோல்வார் போட்டேன். பின்சில்லுகள் இரண்டுக்கும் காலால் மிதித்துப் பூட்டும் கட்டை செய்தேன். கடற்காற்றின் உப்பு உள்ளே போகாதபடி சில்லுகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் அடைத்தேன். மூன்று நாள் பிடித்தது.

வெள்ளிக்கிழமை மாலை பெண்கள் வாட்டுக்கு வண்டில் சத்தமில்லாமல் போனது. தலை இழுத்து, பவுடர் பூசி, எல்லாரும் மறுபடியும் தயாராக இருந்தார்கள். நான் கட்டையை மிதித்துப் பூட்டினேன். அக்கா நம்பவில்லை. தன் காலையும் சில்லுக்கு முட்டுக் கொடுத்தே நின்றார். நான் வண்டிலை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக் காட்டினேன். அது அசையவில்லை. அவர் மெதுவாகக் காலை எடுத்தார். சற்று நேரம் சில்லையே பார்த்தார். பிறகு வண்டிலைச் சுற்றி முன்னால் வந்து, தம்பலகாமத்திலிருந்து இடுப்பு முறிந்து வந்திருந்த ஒரு அம்மாவின் கட்டிலோரம் ஸ்டூலில் இருந்தார்.

படம் வந்தது. ஏதோ வெளிநாட்டு நகரம். வீதி, வீடு, மரம் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக எதுவோ விழுந்துகொண்டிருந்தது.

"உது என்ன, பஞ்சோ?" என்று தம்பலகாமத்து அம்மா கேட்டார்.

"பெட்டி பழுதாக்கும்," என்றது இன்னொரு கட்டில்.

எனக்கும் தெரியவில்லை. திரையில் எப்போதும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அப்போது ஒரு மனிதர் கதவைத் திறந்து உள்ளே வந்து, தோளில் கிடந்ததைக் கையால் தட்டிவிட்டார். அது தூளாய் உதிர்ந்தது. வாட்டு முழுவதும் ஒரே மூச்சில் "ஆ" என்றது. பனி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தது விழுவதை முதன்முதலில் அங்கேதான் கண்டேன்.

அக்கா வாயைத் திறந்தபடி இருந்தார். கண் திரையை விட்டு விலகவில்லை. கை மட்டும் தானாக நீண்டு, பக்கத்தில் படுத்திருந்தவரின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டது.

"என்ன குளிர் குளிரும் அந்தச் சனத்துக்கு," என்றார்.

அதன்பிறகு நான் படத்தைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமைகளில் கிறீஸ் தகரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவது வழக்கமாயிற்று. எந்தச் சில்லு எந்த மூட்டில் முனகியது என்று அக்கா சொல்வார், நான் கழற்றிக் கழுவுவேன். சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவர் வாசலிலேயே எனக்காகக் காத்து நின்றார்.

"தம்பி, பிள்ளைப்பெறு வாட்டுக்காரரும் கேக்கினம். அங்க வாசல்ல ரெண்டு படி இருக்கு. என்ன செய்யலாம்?"

நான் கிறீஸ் தகரத்தைக் கீழே வைத்துவிட்டு, படிகளை அளக்க அவருக்குப் பின்னால் போனேன்.